காவிரி நுழையும் மாவட்டங்களில் ஏன் தண்ணீர்ப் பஞ்சம்? தருமபுரி, கிருஷ்ணகிரி மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைவதே நம் மண்ணில்தான். பிறகும் நாம் ஏன் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம்?

காவிரி நமக்குப் பக்கத்தில் ஓடவில்லை, நமக்குக் கீழே ஓடுகிறது. ஆற்றின் வரத்தை அளக்கும் பிலிகுண்டுலு கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. ஒகேனக்கல் பென்னாகரம் வட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஒகேனக்கல்லில் ஆறு ஓடும் மட்டத்தைவிடத் தருமபுரி நகரம் ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஓசூர் அதைவிடவும் மேலே, கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டரை ஒட்டி இருக்கிறது. தஞ்சாவூரில் மதகைத் திறந்தால் தண்ணீர் தானாக வயலுக்குப் போகும். இங்கே ஒரு குடம் காவிரித் தண்ணீர் வேண்டுமென்றாலும் மின்சாரம் கொடுத்துத் தூக்க வேண்டும். நம் மாவட்டங்களின் தண்ணீர்க் கதையில் பாதி இந்த ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிடும்.

மழை குறைவு என்பதுதானே உண்மையான காரணம்?

குறைவுதான். ஆனால் நாம் நினைக்கும் அளவுக்குக் குறைவில்லை. இரண்டு மாவட்டங்களிலும் ஆண்டுச் சராசரி 850 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையிலும் நமக்குப் பங்கு உண்டு, வடகிழக்கிலும் உண்டு. இடையில் கோடை மழை வேறு. சிக்கல் என்னவென்றால், இந்த மழை சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. நிலமோ சரிவு. அடியில் பாறை. பெய்த தண்ணீர் சின்னாறு, தொப்பையாறு, நாகாவதி வழியாகக் காவிரிக்கும், மறுபக்கம் வாணியாறு, பாம்பாறு வழியாகத் தென்பெண்ணைக்கும் ஓடிவிடுகிறது. நிற்கும் தண்ணீரையும் வெயில் விட்டுவைப்பதில்லை. ஆண்டு முழுவதும் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாகக்கூடிய அளவு, பெய்யும் மழையைவிட அதிகம்.

ஒரு ஏக்கரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2 லட்சம் லிட்டர் தண்ணீர் விழுகிறது. நல்ல புரட்டாசி மழை ஒரே இரவில் அவ்வளவு தரும். மறுநாள் காலையில் அதில் எவ்வளவு நம் நிலத்தில் தங்கியிருக்கிறது என்பதைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டும் புழுதிதான் வருகிறது. ஏன்?

நம் காலடியில் இருப்பது மிகப் பழைய கடினப் பாறை. டெல்டாவில் இருப்பதுபோல் ஆழமான மணல் படுகை இங்கே கிடையாது. மேலே சில பத்து அடிகளுக்கு மண்ணும் மக்கிய பாறையும் இருக்கும். மழைநீர் பெரும்பாலும் தங்குவது அந்த அடுக்கில்தான். அதற்குக் கீழே பாறையில் எங்கே வெடிப்பு ஓடுகிறதோ அங்கே மட்டும் தண்ணீர் இருக்கும். வெடிப்பைத் துளை சந்தித்தால் தண்ணீர், நாலடி தள்ளிப் போனால் புழுதி. ஆழம் போகப் போக மேலுள்ள பாறையின் பாரத்தில் வெடிப்புகள் இறுகிவிடுகின்றன, எண்ணிக்கையும் குறைகிறது. "இன்னும் நூறு அடி போனால் வந்துவிடும்" என்ற நம்பிக்கைக்குப் பாறை இயலில் பெரிய ஆதாரம் இல்லை.

போர் வண்டி வந்து நிற்கும் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். கம்ப்ரசர் உறுமத் தொடங்கியதும் முதலில் செம்மண் புழுதி பறக்கும். பிறகு நிறம் மாறி வெளிர் சாம்பல் தூள் வரும். ஆடு மாடுகள், வேலி, துணிக்கொடி என எல்லாவற்றின் மேலும் அது படியும். ஈரம் பட்டால் தூள் அடங்கிச் சேறாகத் தெறிக்கும். வீட்டில் உள்ளவர்கள் அத்தனை பேரும் அந்தக் குழாயின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கட்டணம் அடிக்கணக்கு, ஆழம் கூடக்கூட ஓரடிக்கான விலையும் ஏறும். நகையை அடகு வைத்த பணம் இப்படித் தூளாகப் பறப்பதைப் பார்த்த பிறகுதான், நிலத்தடி நீரைப் பற்றி இவ்வளவு பிடிவாதமாகப் பேசத் தொடங்கினேன்.

தேங்காய், வேப்பங்குச்சி வைத்து நீரோட்டம் பார்ப்பவர்களை நம்பலாமா?

அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. அனுபவமுள்ள சிலர் ஓடைப் போக்கையும் மரங்களையும் பாறை வெளித்தெரியும் இடத்தையும் கவனித்துச் சொல்வதால் சில நேரம் சரியாக அமைகிறது. பூமிக்குள் மின்சாரம் செலுத்தி, பாறையின் மின்தடையை அளந்து சொல்லும் ஆய்வு இதைவிட மேல். அதுவும் உத்தரவாதம் அல்ல என்றாலும், லட்சக்கணக்கில் செலவழிக்கும் முன் செய்துகொள்ள வேண்டிய சிறு செலவு.

பக்கத்துத் தோட்டத்தில் ஆழமாகப் போர் போட்டார்கள். எங்கள் கிணறு வற்றிவிட்டது. தொடர்பு உண்டா?

பெரும்பாலும் உண்டு. ஒரே வெடிப்பு இரண்டு நிலங்களுக்கு அடியில் ஓடினால், ஆழத்திலிருந்து இழுப்பவருக்கு முதலில் கிடைக்கும். மேலே இருக்கும் திறந்த கிணறு முதலில் காயும். அதனால் கிணற்றுக்காரரும் போர் போடுவார், அடுத்தவர் அதைவிட ஆழமாகப் போடுவார். பல பிர்காக்களில், அதாவது வருவாய்க் குறுவட்டங்களில், மழையால் ஊறுவதைவிட அதிகமாகத் தண்ணீர் எடுக்கப்படுகிறது. எடுப்பது ஊறுவதில் 100 சதவீதத்தைத் தாண்டினால் அந்தப் பகுதியை அரசு 'அதிநுகர்வு' வகையில் சேர்க்கிறது.

இலவச மின்சாரம்தான் இதற்கெல்லாம் காரணம் என்று நகரத்தில் சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் வந்த அந்தச் சலுகை இல்லாமல் இருந்திருந்தால், இந்த மேட்டுநிலத்தில் விவசாயமே மிஞ்சியிருக்காது. கால்வாய்ப் பாசனம் உள்ள ஊர்களில் அரசு செலவில் தண்ணீர் வயலுக்கு வருகிறது. இங்கே விவசாயி தன் செலவில் துளையிட்டு எடுக்கிறார். மோட்டாரை எப்போது நிறுத்துவது என்று ஊர் கூடி முடிவு செய்யும் பழக்கம் இல்லாததுதான் என் கவலை. ஏரித் தண்ணீருக்கு முறை வைத்துப் பாய்ச்சிய ஊர்களுக்கு நிலத்தடித் தண்ணீருக்கு முறை வைக்கத் தெரியாமல் போகாது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும் குழாயில் ஏன் தினமும் தண்ணீர் வருவதில்லை?

2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பானின் கடனுதவியுடன் 1,928 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிடப்பட்டு, 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட திட்டம் இது. ஆற்றில் எடுக்கும் தண்ணீர் யானைப்பள்ளத்தில் சுத்திகரிக்கப்பட்டு, மேட்டிலுள்ள மடம் நீர்த்தேக்கத்துக்கு ஏற்றப்பட்டு, அங்கிருந்து இரண்டு மாவட்டங்களின் நகராட்சிகள், பேரூராட்சிகள், ஆயிரக்கணக்கான கிராமக் குடியிருப்புகளுக்குப் பிரிகிறது. எங்கோ ஓரிடத்தில் குழாய் உடைந்தாலும் மின்சாரம் தடைப்பட்டாலும் கடைசியில் இருக்கும் ஊர் காய்கிறது. குழாயின் தொடக்கத்தில் இருப்பவர்கள் மோட்டார் வைத்து உறிஞ்சினால் கடைசி ஊருக்கு அழுத்தமே இருக்காது. கடைக்கோடி ஊர்களில் உள்ளூர்ப் போர் தண்ணீரையும் ஒகேனக்கல் தண்ணீரையும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் கலந்து விடுவதும் நடக்கிறது. அப்படிக் கலந்தால் திட்டத்தின் முதல் நோக்கமே அடிபட்டுப் போகிறது. அந்த நோக்கம் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

ஃப்ளோரைடு தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. இதைத் தயவுசெய்து வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் சொல்லுங்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால், மிஞ்சும் தண்ணீரில் அதன் அடர்த்தி சற்றுக் கூடவே செய்யும்.

இது தொழிற்சாலைக் கழிவு அல்ல. நம் பாறைகளில் உள்ள கனிமங்களிலிருந்தே கரைந்து வருவது. ஆழ்துளைத் தண்ணீர் பாறையோடு நெடுங்காலம் உறவாடுவதால் அதில் இது அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் தொடர்ந்து குடிக்கும் குழந்தைகளின் பற்களில் சுண்ணாம்புத் திட்டுகளும் பிறகு பழுப்புக் கோடுகளும் வரும். பல் உருவாகும் வயதில் ஏற்படும் அந்தக் கறை துலக்கினால் போகாது. பல ஆண்டுகள் குடித்தால் மூட்டும் முதுகும் இறுகி, குனிய முடியாத நிலை வரும். ஒகேனக்கல் திட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே 'ஃப்ளோரோசிஸ் தணிப்பு' இருப்பது இதனால்தான்.

படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துப் படியவைக்கும் நலகொண்டா முறை, அலுமினா வடிகட்டி, ஆர்.ஓ. எந்திரம் ஆகியவை ஃப்ளோரைடைக் குறைக்கும். ஆர்.ஓ. எந்திரம் கணிசமான தண்ணீரைக் கழிவாகத் தள்ளுகிறது என்பதை மறக்க வேண்டாம். இவற்றைவிட எளியது உங்கள் கூரையில் விழுகிறது.

அப்படியானால் மழைநீரைக் குடிக்கலாமா?

குடிக்கலாம். மழைநீரில் ஃப்ளோரைடு இல்லை என்றே சொல்லலாம். 1,000 சதுர அடிக் கூரையில் 850 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஏறத்தாழ 79,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 63,000 லிட்டர் மிஞ்சும். நாலு பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் போதும். 5,000 லிட்டர்த் தொட்டி ஒரு முறை நிறைந்தால் 250 நாள் ஓடும்.

கூரையைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். முதல் மழையின் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே தள்ள வேண்டும். தொட்டிக்குள் வெளிச்சமும் கொசுவும் போகக் கூடாது. குளோரின் போட வேண்டும் அல்லது குடிக்கும்போது காய்ச்ச வேண்டும். தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. அப்போது வைத்த குழாய்களில் பல இன்று சுவரோடு ஒட்டிக்கொண்டு தரையில் எதனுடனும் சேராமல் நிற்கின்றன. உங்கள் வீட்டுக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

ஒகேனக்கல் உபரிநீரை ஏரிகளுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதா?

நியாயமானது. காவிரியில் வினாடிக்கு 1 லட்சம் கன அடி வெள்ளம் போகும் ஒரு நாளில் 8.64 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) தண்ணீர் ஒகேனக்கல்லைக் கடக்கிறது. மேட்டூரும் நிரம்பி வழியும் நாட்களில் அதில் சிறு பங்கைத் தருமபுரி ஏரிகளுக்குத் தூக்கினால் டெல்டாவுக்குக் குறை வராது. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய பங்குக்குள்ளேயே இதைச் செய்ய முடியும் என்பதே என் கருத்து.

ஆனால் கணக்கைக் கண் திறந்து பார்க்க வேண்டும். ஒரு டி.எம்.சி. தண்ணீரை 250 மீட்டர் உயரம் ஏற்ற, பம்பின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், சுமார் இரண்டே முக்கால் கோடி யூனிட் மின்சாரம் வேண்டும். அதே ஒரு டி.எம்.சி. 7,000 ஏக்கர் ஏரிப் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு நிற்கும். நிலத்தடியில் ஊறி நூற்றுக்கணக்கான கிணறுகளை உயிர்ப்பிக்கும். அந்தப் பயனுக்கு முன்னால் மின்செலவைத் தாங்கலாம் என்றே நினைக்கிறேன். வெள்ளம் வருவதோ ஆண்டில் சில வாரங்கள்தான்; சில ஆண்டுகளில் வராமலே போகும். அந்தச் சில வாரங்களில் தண்ணீரை வாங்கிக்கொள்ள ஏரியும் கால்வாயும் தயாராக இல்லையென்றால், இவ்வளவு செலவழித்துத் தூக்கிய தண்ணீர் புதருக்கும் ரோட்டுக்கும்தான் பாயும்.

தென்பெண்ணையில் நுரை மிதக்கிறதே, அந்தத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சலாமா?

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூருவின் விளிம்பு வழியாக வரும் ஆறு, கூடவே கழிவையும் சுமந்துகொண்டு ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குள் நுழைகிறது. மதகு திறக்கும்போது மலைபோல் நுரை எழுகிறது. சோப்புப் பொருட்களும் சுத்திகரிக்காத சாக்கடையும் சேரும் இடத்தில் இப்படித்தான் ஆகும். அதற்குக் கீழே, 1957-இல் காமராசர் காலத்தில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அணையின் பாசனத்தில் 9,000 ஏக்கருக்கு மேல் இருக்கிறது. கீரை, தக்காளி போன்று நேரடியாகச் சமையலுக்குப் போகும் பயிர்களுக்கு நுரைத் தண்ணீரைத் தெளிக்க வேண்டாம். மற்றபடி ஆற்று நீரையும் மண்ணையும் பருவத்துக்கு ஒருமுறை பரிசோதித்து, அந்த முடிவை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே கழிவு விடுபவர்களிடம் பேசும்போது கீழே இருப்பவர்களின் கையில் தாள் இருக்க வேண்டும்.

எங்கள் ஊர் ஏரியைத் தூர் வாரினார்கள். நல்ல மழையும் பெய்தது. ஏரி மட்டும் நிறையவில்லை. என்ன காரணம்?

என்னிடம் அதிகமாக வரும் கேள்வி இது. என் பதில் எப்போதும் ஒன்றுதான்: ஏரியைப் பார்க்காதீர்கள், வரத்துக் கால்வாயைப் பாருங்கள்.

நம் ஏரிகள் மேலே பெய்யும் மழையால் நிறைவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. கரட்டிலிருந்தும் காட்டிலிருந்தும் வழிந்து வரும் தண்ணீரைக் கால்வாய் கொண்டுவந்து சேர்க்கும். ஒரு ஏரி நிரம்பிக் கோடி விழுந்தால், அதாவது உபரிநீர் வழியும் இடத்தில் வழிந்தால், அந்தத் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும். மேல் ஏரியின் கோடியே கீழ் ஏரியின் வரத்து. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்குக் கீழே உள்ள அத்தனை ஊருக்கும் தண்ணீர் இல்லை.

அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடமும், ஊர் நிலங்களைப் புல எண்படி காட்டும் அ-பதிவேடும் இருக்கும். நீர்வழிப் புறம்போக்கு எது என்று அதில் தெரியும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஏரியிலிருந்து மேல்நோக்கி நடந்து பாருங்கள். இங்கே பல ஊர்களில் கண்டது இதுதான்: ஏரி வாயில் நாலு ஆள் அகலத்துக்கு இருக்கும் கால்வாய், இரண்டு வயல் தாண்டியதும் வரப்பு தின்று தின்று ஓராள் அகலமாகிறது. பிறகு தார் ரோடு குறுக்கே வருகிறது. ரோட்டுக்கு அடியில் ஒற்றைச் சிமெண்ட் குழாய். அதன் வாயில் பிளாஸ்டிக் பையும் தேங்காய் மட்டையும் தக்காளிக்குக் கட்டிய பழைய சரடும் அடைத்துக்கொண்டிருக்கும். ரோட்டின் மேல்பக்கத்தில் மழைநீர் குளமாகத் தேங்கி, பக்கத்து வயலை அழுகடித்து, வேறு பள்ளம் பார்த்து ஓடியிருக்கும். ஏரிக்குள் பொக்லைன் இறக்கி எத்தனை லட்சம் செலவழித்தாலும், அந்த ஒற்றைக் குழாயின் அடைப்பை எடுக்காத வரைக்கும் பயனில்லை. குழாயை அகலப்படுத்தினால் இன்னும் நல்லது.

ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை நாடும் முன் ஆக்கிரமித்தவரிடம் ஊர்ப் பெரியவர்களோடு போய்ப் பேசுங்கள். பாதிப் பேருக்குத் தங்கள் வரப்பு கால்வாயில் இருப்பதே தெரியாது. தாத்தா காலத்தில் நகர்ந்த வரப்பாக இருக்கும்.

தூர் வாருவதே வேண்டாமா? வண்டல் மண் எடுக்க யாரைப் பார்க்க வேண்டும்?

வேண்டும், ஆனால் அளவோடு. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தப் பள்ளத்துத் தண்ணீர் பாசனத்துக்கு வராது. நிலத்தில் ஊற மட்டுமே செய்யும். கரையை ஒட்டித் தோண்டினால் கரையே பலவீனமாகும். வண்டலை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமின்றி எடுக்கலாம். 2024 முதல் வட்டாட்சியர் மட்டத்திலேயே அனுமதி கிடைக்கிறது. பாசனப் பரப்பு 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள ஏரி நீர்வளத் துறையின் பொறுப்பு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. மனு கொடுக்கும் முன் உங்கள் ஏரி எதில் சேரும் என்று தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

சீமைக் கருவேலம்?

ஏரிக்குள்ளும் கால்வாயிலும் இருப்பதை வேரோடு எடுக்க வேண்டும். மேலே வெட்டினால் இரண்டு மடங்காகத் துளிர்க்கும்.

சொட்டு நீர் போட்டால் தண்ணீர்ச் சிக்கல் தீருமா? என்ன பயிர் வைக்கலாம்?

சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு முழு மானியமும், மற்றவர்களுக்கு 75 சதவீத மானியமும் உண்டு. சிறு விவசாயிச் சான்று வாங்கி, தோட்டக்கலை அல்லது வேளாண்மை அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். ஆனால் மிச்சமாகும் தண்ணீரை வைத்து இன்னொரு ஏக்கரில் தக்காளி நட்டால், போரிலிருந்து எடுக்கும் அளவு குறைவதில்லை. சொட்டுநீர் உங்கள் வருமானத்தைக் காக்கும். நிலத்தடி நீரைக் காப்பது நீங்கள் மோட்டாரை நிறுத்தும் நேரம்தான்.

பயிரைப் பொறுத்தவரை நம் முன்னோர்கள் இந்த மண்ணைச் சரியாகப் படித்திருந்தார்கள். ராகி, சாமை, கொள்ளு, அவரை எல்லாம் மானாவாரியில் மழையை நம்பி வந்த பயிர்கள். நெல்லுக்குத் தேவைப்படும் தண்ணீரில் பாதிகூட ராகிக்கு வேண்டாம். கரும்புக்கோ நெல்லைவிடவும் அதிகம். நல்ல விலை கிடைக்காத வரை "ராகி போடுங்கள்" என்று விவசாயிக்கு அறிவுரை சொல்வது மட்டும் நியாயமில்லை. ரேஷன் கடையிலும் பள்ளி உணவிலும் விடுதியிலும் நம் மாவட்ட ராகிக்கு நிலையான இடம் கிடைக்க வேண்டும். அது நடந்தால் எத்தனையோ போர்கள் போடாமலே தப்பும்.

என் திறந்த கிணற்றில் மழைநீரை இறக்கலாமா?

இறக்கலாம், கலங்கல் தண்ணீரை நேராக இறக்காதீர்கள். சேறு ஊற்றுக்கண்ணை அடைத்துவிடும். கிணற்றுக்குச் சற்று முன்னால் இரண்டு குழி எடுங்கள். முதல் குழியில் வண்டல் படியட்டும். இரண்டாவதில் அடியில் பெருங்கல், மேலே ஜல்லி, அதற்கு மேல் மணல் போட்டு, அடியிலிருந்து ஒரு குழாயைக் கிணற்றுக்குள் நீட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, ஆடிக்கு முன்பே மேல்மணலை வாரிக் கழுவிப் போட வேண்டும். உரமும் பூச்சிமருந்தும் கலந்த வயல் தண்ணீரையும் மாட்டுக் கொட்டகைத் தண்ணீரையும் இதில் சேர்க்கவே கூடாது. நிலத்தின் தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக் குட்டையும் இருந்தால், இடையில் மழை தவறும்போது பயிருக்கு ஒரு உயிர்த் தண்ணீர் கிடைக்கும்.

தண்ணீர் வராத போரை என்ன செய்வது?

அன்றைக்கே மூட வேண்டும். சாக்கைக் கட்டி, கல்லை வைத்து விடுவது மூடுவது ஆகாது. கைவிட்ட துளையை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், கல் போட்டு நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே நெறிமுறை வகுத்திருக்கிறது. குழந்தைகள் விழுந்த துயரங்களை நாம் பார்த்தாயிற்று. இதில் ஒரு நாள் தாமதமும் மன்னிக்க முடியாதது.

கிராம சபையில் தண்ணீரைப் பற்றி என்ன கேட்பது?

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கூடும் கிராம சபை இதற்கு ஏற்றது. "தண்ணீர் வேண்டும்" என்று பொதுவாகப் பேசினால் தீர்மானமும் பொதுவாகவே எழுதப்படும். ஒகேனக்கல் தண்ணீர் நம் தொட்டிக்கு நாளுக்கு எத்தனை லிட்டர் வருகிறது, பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். உள்ளூர்ப் போர் தண்ணீரை அதனோடு கலக்கிறீர்களா, கடைசியாக ஃப்ளோரைடு பரிசோதனை எப்போது நடந்தது, அளவு எவ்வளவு என்று கேளுங்கள். வரத்துக் கால்வாயின் புல எண்களை எழுதிக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் அடைப்பு, எந்த ரோட்டுக் குழாய் சிறியது என்று எண்ணோடு சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் அந்த எண்களோடு பதியச் சொல்லுங்கள். அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் அடுத்து எடுக்கும் பணி அந்தக் கால்வாயாக இருக்கட்டும் என்று கேளுங்கள். பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டால் பதில் சீக்கிரம் வருகிறது. எந்தத் தெருவில் எந்த நாள் குழாய் வறண்டது என்பது அவர்களுக்குத்தான் தேதியோடு தெரியும். அந்தத் தேதிகளை ஒரு நோட்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.